கல்லுக்கு அடியில் ஒரு சுள்ளி

குத்து விழுந்த பிறகுதான் ரேடியோவுக்கு விளங்கியது, அந்தத் தடியன் இடதுகைக்காரன் என்று. வலது கையையே பார்த்துக்கொண்டு வாய் கொடுத்தது தப்பு. கடைவாயில் ஏதோ நறுக்கென்றது. சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்:

"அண்ணே, அட்ரஸ் மாறிப் போச்சு. நீங்க உடைக்க வந்தது வலைக்காரன் குடிசை. என் மூஞ்சி இல்ல."

தடியன் மறுபடி கையை ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. ஒரு கைத்தடியின் வளைந்த பிடி அவன் மணிக்கட்டைக் கொக்கி போட்டுப் பிடித்திருந்தது. தடியின் மறுமுனையில் அண்ணி.

ரேடியோவுக்கு அவள் சொந்த அண்ணி. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது போலீஸ் இன்ஸ்பெக்டர். முழங்காலில் ஒரு குண்டை வாங்கிக்கொண்டு வேலையை விட்டவள், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். வாய் ஓயாத கொழுந்தனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தவளும் அவள்தான். 'வீட்டுல அலர்றது ஆபீஸ்ல அலறட்டும்' என்று உதவியாளனாக வைத்துக்கொண்டவளும் அவள்தான்.

அண்ணி தடியை ஒரு திருகு திருகினாள். மணிக்கட்டு சொடக்குப் போட்டது. தடியன் அலறிக்கொண்டே மண்டியிட்டான்.

"இன்னொரு கை இருக்கில்ல, அதைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள் அண்ணி. குரல் உயரவே இல்லை.

ஆனால் அவனோடு வந்த கும்பல் அடங்கவில்லை. ஆற்றோரச் சதுப்பின் விளிம்பில் இருந்த அந்தக் குடிசையின் ஒரு பக்கத் தட்டி ஏற்கெனவே பெயர்ந்து கிடந்தது. உள்ளே நசுங்கிய அலுமினியப் பானை, கிழிந்த பாய், மிதிபட்ட சீப்பு. வாசலில் வலைக்காரனின் மனைவி படகுக் கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் புருவத்தில் தேங்கியிருந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை. கழியை விட்டால் வீடு போய்விடும்.

"கேப்டனைக் கொன்னவன் குடிசை இங்க இருக்கக் கூடாது! கொளுத்துங்கடா!"

மண்ணெண்ணெய் தெளித்த துணி ஒன்று கூரை மேல் விழுந்தது. குப்பென்று பிடித்தது.

"நிறுத்துங்க! தீ வைக்காதீங்க!"

கரை மேலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். வெள்ளைக் கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் பைனாகுலர். பல் டாக்டர். "காத்து இந்தப் பக்கம் அடிக்குது, தெரியலையா? பின்னாடி கோரைக்குள்ள கூடு இருக்கு! குஞ்சுக்கு இன்னும் இறக்கையே முளைக்கல!"

அந்தக் கும்பலில் பாதிப்பேர் என்றைக்காவது அவள் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தவர்கள். எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை. யாரோ ஈரச் சாக்கை எறிந்தார்கள். தீ சீறி அணைந்தது. கும்பல் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

டாக்டர் நேராக ரேடியோவிடம் வந்து குந்தினாள். "வாயைத் திறங்க தம்பி." பூ மாதிரி விரல்கள். பஞ்சைச் சுருட்டிக் கடைவாயில் வைத்தாள். "பல் ஆடுது. கடிச்சுப் பிடிச்சுக்கங்க. ரெண்டு நாள் வாயைத் திறக்கக் கூடாது."

"அது மட்டும் நடக்காது டாக்டர்" என்றாள் அண்ணி.

டாக்டர் சிரித்துவிட்டு, கோரைப் புல்லை மெதுவாக விலக்கிக் கூட்டைப் பார்க்கப் போனாள். ரேடியோ அவள் போன திசையையே பார்த்தான். "என்னா மனசு அண்ணி! ஒரு குருவிக்காக இந்த ஓட்டம் ஓடி வந்திருக்காங்க."

அண்ணி வலைக்காரன் மனைவியின் நெற்றியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மனைவிதான் அண்ணியைக் கூப்பிட்டவள். சதுப்பு நிலத்தையும் ஆற்றோரக் காட்டையும் சுற்றிப் பார்க்கும் இயற்கைச் சங்கம் ஒன்று ஊரில் இருந்தது. அதன் தலைவர்தான் கேப்டன். எந்தக் கப்பலுக்கும் கேப்டன் இல்லை. முன்னால் நடப்பவர், அவ்வளவுதான். முந்தாநாள் காலை, காட்டோரம், நாணலுக்குள் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உள்வாங்கியிருந்தது. பறவை பிடிக்கிற வலைக்காரனுக்கும் அவருக்கும் பழைய பகை. போன வாரம் அவர் தன் வலையை அறுத்ததற்காக, 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்' என்று நடுச்சந்தையில் கத்தியிருந்தான். போலீஸுக்கு அது போதும். தூக்கிப் போய்விட்டார்கள்.

"நேத்து சோறு கொண்டு போனேம்மா" என்றாள் அவள். "வாயைத் திறக்க முடியல அவரால. மூச்சு விட்டா முனகுறாரு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அவனே ஒத்துக்குவான்னு இன்ஸ்பெக்டர் சிரிக்கிறாரு. ஒத்துக்கிறதுக்கு முன்னாடி செத்துடுவாரும்மா."

"படகை எடு" என்றாள் அண்ணி. "அந்த இடத்தைப் பாக்கணும்."

*

ஆகாயத்தாமரையைக் கழியால் ஒதுக்கிக்கொண்டு படகு நகர்ந்தது. கரையில் நீர்மருதுகள் வேரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நின்றன. தாழம்புதருக்கு மேல் இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் சுற்றிச் சுற்றிக் கத்தின.

"நம்ம வந்ததை ஊருக்கே சொல்லுது" என்றான் ரேடியோ. பஞ்சு வாயில் இருந்ததால் எல்லாச் சொல்லும் அரைபட்டு வந்தது. "எனக்குப் போட்டியா இன்னொரு ஸ்டேஷன்."

இறங்கினார்கள். நாணல் இன்னும் மடங்கிக் கிடந்தது. ரத்தம் கறுத்துப் போன இடத்தில் ஈக்கள்.

"இன்ஸ்பெக்டர் என்ன சொல்றான்?" என்று கேட்டாள் அண்ணி.

"கல்லால அடிச்சான், கல்லை ஆத்துல வீசிட்டான். ஆத்துல ஆள் விட்டுத் தேடுனாங்க. கிடைச்சது ஒரு செருப்பு, ஒரு சைக்கிள் மணி."

"ஆஸ்பத்திரியில காயத்தைப் பாத்தேன். உள்ள ஈர மண்ணு. மண்ணோட எறும்பு முட்டை."

"பொணத்துல எறும்பு மொய்க்காதா அண்ணி?"

"எறும்பு திங்க வரும்டா. முட்டையைத் தூக்கிட்டா வரும்? நீ விருந்துக்குப் போனா தொட்டிலைத் தூக்கிட்டா போவே?"

ரேடியோ பஞ்சை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான். மூளையும் அதோடு நகர்ந்தது. "அப்போ அந்த முட்டை கல்லுல இருந்து வந்துச்சு. கல்லோட அடிப்பக்கத்துல இருந்து."

"ம். ரொம்ப நாளா மண்ணுல பதிஞ்சு கிடந்த கல்லு. அடியில எறும்பு குடித்தனம் பண்ணுற கல்லு. அதைப் பெயர்த்து எடுத்து அடிச்சிருக்காங்க. சரி, பெயர்த்த குழி எங்க?"

இருவரும் தேடினார்கள். பாசி படிந்த கற்கள் காடு முழுக்க இறைந்து கிடந்தன. எல்லாம் ஆணி அடித்த மாதிரி அதனதன் இடத்தில். ஒரு குழிகூட இல்லை.

"குழி இல்லாத கல்லா? வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

அண்ணி கைத்தடியால் ஒவ்வொரு கல்லின் ஓரத்தையும் தட்டிக்கொண்டே நடந்தாள். ஒரு கல்லின் முன் நின்றாள். இரண்டு கை கொள்ளும் அளவு. மேலே பச்சைப் பாசி, ஒரு கீறல் இல்லை. ஆனால் அதன் விளிம்பில் நாலைந்து புல் இதழ்கள் கல்லுக்கு அடியில் மாட்டி, முனை மட்டும் வெளியே தெரிய வாடிக்கிடந்தன.

"புல் எங்கயாவது கல்லுக்கு அடியில போய் முளைக்குமா?" என்றாள். "குழி காணாமப் போகல. குழிக்குள்ள கல்லு திரும்பி வந்து உக்காந்திருக்கு."

புரட்டினாள்.

அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்த ரத்தம். ரத்தத்தில் ஒட்டிய நரைமுடி. வலைக்காரன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். குழியின் ஓரத்தில் விரல் தடிமனில் ஒரு சுள்ளி, ஒடித்துக் குறுக்கே வைத்த மாதிரி. சுள்ளி கொடுத்த சந்தில் பதுங்கியிருந்த அரணை ஒன்று வாலைச் சுழற்றிக்கொண்டு நழுவி ஓடியது.

"ஒரு மனுஷன் மண்டையை உடைச்சுட்டு" என்றான் ரேடியோ மெதுவாக, "கல்லைக் கொண்டாந்து பத்திரமா அதே குழியில வெச்சிருக்கான். வலைக்காரன்னா ஆத்துல வீசியிருப்பான். நான்னா போட்டுட்டு ஓடியிருப்பேன்."

"நேத்து அந்தச் சங்கத்துக் கொட்டகையில சுவத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

ரேடியோவுக்கு நினைவிருந்தது. பாடம் பண்ணிய வண்ணத்துப்பூச்சிகளுக்கும் சேற்று பூட்ஸ் வரிசைக்கும் மேலே, சிவப்புப் பெயின்டில்: 'கல்லைப் புரட்டிப் பார். புரட்டியபடியே விட்டுப் போகாதே.' கல்லுக்கு அடியில் வாழும் உயிர்களுக்கு அது கூரை. பிய்த்துப் போட்டால் வெயிலில் செத்துவிடும். சங்கத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் சொல்லும் விதி அது.

"சங்கத்து ஆளு" என்றான் ரேடியோ. "கைப்பழக்கத்துல வெச்சுட்டுப் போயிருக்கு."

"சுள்ளியைப் பாரு. கல்லை வெக்கிறது எல்லாரும் பண்றது. உள்ள இருக்கிறது நசுங்காம இருக்கச் சுள்ளி குடுத்து வெக்கிறது ஒருத்தரோட பழக்கம். அந்த ஒருத்தர் யாருங்கிறதுதான் இப்பக் கேள்வி." அண்ணி திரும்பினாள். "உன் சட்டையைக் கழட்டு. கல்லைச் சுத்தணும்."

"ஏன், அண்ணன் சட்டை ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

"அது இப்பத்தான் வெளுத்து வந்த சட்டை."

சங்கத்தில் கேப்டன் போக எஞ்சியவர் மூன்றே பேர். மூவரும் அன்று பிற்பகல் அவர் விழுந்த இடத்தில் பூ வைக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணி ரேடியோவுக்கு ஒரே வேலை கொடுத்தாள். ஒற்றையடிப் பாதை நெடுக இருக்கிற கற்களைப் புரட்டி, மல்லாக்கப் போடு.

பனியனோடு, ஆடுகிற பல்லோடு, அட்டை கடித்த காலோடு அவன் புரட்டினான். "இன்ஸ்பெக்டர் ஆத்தைக் கலக்குறாரு, நான் காட்டைப் புரட்டுறேன். ஊருக்கு நல்லா வேலை நடக்குது."

*

பறவை பார்ப்பதற்காகக் கட்டிய தட்டி மறைப்புக்குள் அண்ணியும் மற்ற இருவரும் ஒடுங்கினார்கள். கண் வைக்கிற துவாரம் ஒன்றுதான். அதற்கு ரேடியோவும் வலைக்காரன் மனைவியும் முட்டிக்கொண்டார்கள்.

சங்கத்து மூவரில் முதலில் வந்தார் போட்டோக்காரர். தோளில் பீரங்கி மாதிரி லென்ஸ். மல்லாந்து கிடந்த கல்லைப் பார்த்தார், 'ச்சே' என்றார், பூட்ஸ் முனையால் உதைத்துக் கவிழ்த்தார். நடந்தார்.

அடுத்து தாவரவியல் வாத்தியார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இரண்டு கையால் தூக்கித் தொப்பென்று குழியில் போட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். போய்விட்டார்.

மூன்றாவதாக வந்த ஆள் கல்லின் பக்கத்தில் குந்தியது. குழிக்குள் நெளிந்த மண்புழுவை ஒரு இலையால் ஒதுக்கியது. பக்கத்தில் கிடந்த சுள்ளியை எடுத்தது, ஒடித்தது, ஓரத்தில் குறுக்கே வைத்தது. அதன் மேல் கல்லை, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி இறக்கியது.

பூ மாதிரி விரல்கள்.

ரேடியோவின் வாயிலிருந்த பஞ்சு திடீரென்று கசந்தது. காலையில் அவள் கத்தியது காதில் திரும்பி வந்தது. குடிசை எரிகிறது என்று கத்தவில்லை. அதன் வாசலில் ரத்தம் வழிய ஒருத்தி நின்றாளே, அவளைப் பார்க்கக்கூட இல்லை. கோரையில் கூடு இருக்கிறது என்றுதான் கத்தினாள்.

பல் டாக்டர் அடுத்த கல்லுக்கு வந்தாள். அதற்கடுத்த கல்லுக்கு. முகம் சிவந்துகொண்டே வந்தது. "எந்த மிருகம் இப்படிப் புரட்டிப் போட்டது?" என்று தனக்குள் பல்லைக் கடித்தாள்.

அண்ணி தடுப்பதற்குள் ரேடியோ வெளியே போய்விட்டான். "நான்தான் டாக்டர். மன்னிக்கணும். ஒண்ணை மட்டும் புரட்டல. அதை நீங்களே திருப்பி வெச்சிருந்தீங்க."

அவனுக்குப் பின்னால் அண்ணி வந்து சட்டைப் பொட்டலத்தைப் பிரித்தாள். நரைமுடி வெயிலில் மின்னியது.

டாக்டர் அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"நீர்நாய் வளை ஒண்ணு இருந்துச்சு" என்றாள். "அந்த மருத மரத்து வேருக்கு அடியில. வருஷக்கணக்கா நான் யாருக்கும் காட்டல. அவருக்கு மட்டும் காட்டினேன். அவரு விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வந்தாரு. நீர்நாய் வெளிய வரலேன்னு வளை வாசல்ல சருகைக் குவிச்சுப் புகை போட்டாரு. தாய் வெளிய வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்களாம். மறுநாள் நான் வளைக்குள்ள கையை விட்டேன். குட்டிங்க... ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு... விறைச்சு..."

"கேப்டன்கிட்ட கேட்டீங்க" என்றாள் அண்ணி.

"கேட்டேன். 'அதுக்கென்ன, அடுத்த வருஷம் மறுபடி போடும்'னு சிரிச்சுட்டுத் திரும்பினாரு. நான் குனிஞ்சேன். கையில இது வந்துச்சு."

"அடிச்ச அப்புறம்?"

"திருப்பி வெச்சேன்." இதென்ன கேள்வி என்பது போல் பார்த்தாள். "அடியில உசுரு இருக்குல்ல."

"ஸ்டேஷன்ல ஒரு உசுரு இருக்கு டாக்டர். உங்களுக்குப் பதிலா அடி வாங்கிட்டு."

"அவனா?" அவள் உதடு கோணியது. "எத்தனை கொக்கோட கழுத்தைத் திருகியிருப்பான்! அவன் கழுத்தையும் யாராவது திருகட்டுமே."

மறைப்புக்குள்ளிருந்து ஒரு விம்மல் கேட்டது. ரேடியோ ஒரே ஒரு கணம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். அந்தக் கணம் டாக்டருக்குப் போதுமானதாக இருந்தது.

குனிந்தாள். நிமிரும்போது கையில் கல் இருந்தது. ரேடியோவின் காதோரம் அது மோதிய சத்தம் அவனுக்கே வெளியிலிருந்து கேட்டது. காடு சாய்ந்தது. சேறு எழுந்து முகத்தில் அறைந்தது. முதுகில் ஒரு முழங்கால் ஏறியது. பல் பிடுங்கிப் பழகிய கை அவன் பிடரியைப் பற்றி அமுக்கியது. சதுப்பு அவன் மூக்கில் நுழைந்தது, வாயில் நுழைந்தது, கத்தப் போன சத்தத்தையும் உள்ளேயே விழுங்கியது. தலைக்கு மேல் கல் மறுபடி உயர்ந்தது.

அண்ணியின் கைத்தடி விசுக்கென்று இறங்கியது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கல் கைநழுவிச் சேற்றில் புதைந்தது. அப்போதும் டாக்டர் அடங்கவில்லை. பிடரியிலிருந்து மறு கையை எடுத்து அண்ணியின் குண்டு பட்ட முழங்காலையே குறிவைத்துக் குத்தினாள். அண்ணி சாய்ந்தாள். விழுந்தபடியே தடியின் கொக்கியை டாக்டரின் கழுத்தில் மாட்டி இழுத்தாள். மூவரும் சேற்றில் உருண்டார்கள். டாக்டர் கடித்தாள், பிறாண்டினாள். அண்ணியின் கண்ணைத் தேடி அந்த விரல்கள் வந்தன.

அப்போதுதான் படகுக் கழி இறங்கியது.

ஒரே அடி. தோள்பட்டையில். டாக்டர் மல்லாந்தாள். வலைக்காரன் மனைவி கழியை மறுபடி தலைக்கு மேல் தூக்கினாள். இந்த முறை குறி மண்டை.

"வேண்டாம்மா" என்றாள் அண்ணி, ரத்தம் துப்பிவிட்டு. "இவ உயிரோட பேசினாத்தான் உன் வீட்டுக்காரர் வெளிய வருவார்."

கழி மேலேயே நின்றது. நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

ரேடியோ சேற்றைக் கக்கினான். கூடவே ஏதோ வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கடைவாய்ப்பல்.

"அண்ணி... வேற பல் டாக்டரைப் பாக்கணும்."

"வாய் நிக்கல, உயிரோடதான் இருக்கான்" என்று அண்ணி யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, போனை எடுத்து ஸ்டேஷனைப் பிடித்தாள். "கையை வலைக்காரன் மேல இருந்து எடு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இப்பவே. கல்லும் இங்க இருக்கு, கல்லை வெச்சவளும் இங்க இருக்கா." கேட்டுக்கொண்டிருந்தவள் வலைக்காரன் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தாள். "மூச்சு இருக்காம். ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க."

அந்தப் பெண் அழவில்லை. படகுக் கயிற்றை எடுத்து வந்து டாக்டரின் இடுப்போடு கைகளைச் சேர்த்துக் கட்டினாள். முறிந்த மணிக்கட்டில் மட்டும் கயிறு படாமல் பார்த்துக்கொண்டாள்.

தூக்கி நிறுத்தியும் டாக்டர் நகரவில்லை. ரேடியோவை அடிக்கப் பெயர்த்தெடுத்த கல்லின் குழி பக்கத்தில் திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு தேரைக் குஞ்சு, தொண்டை துடிக்க, வெயிலைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தது.

"அதை மூடிடுங்க" என்றாள் டாக்டர். முதல் தடவையாக அவள் குரல் கெஞ்சியது. "காஞ்சு போயிடும். தம்பி, நீங்களாவது."

ரேடியோ காதோரம் வழிந்த ரத்தத்தைத் துடைத்தான். நகரவில்லை.

"காலையில என் வீட்டுக் கூரையில தீ புடிச்சப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?" என்று கேட்டாள் வலைக்காரன் மனைவி.

டாக்டர் அவளைப் பார்த்தாள். அன்றைக்கு அதுதான் முதல் முறை.

பதிலுக்கு அந்தப் பெண் காத்திருக்கவில்லை. கீழே கிடந்த சுள்ளி ஒன்றை எடுத்தாள். ஒடித்தாள். குழியின் ஓரத்தில் வைத்து, பக்கத்திலிருந்த கல்லொன்றை அலுங்காமல் அதன் மேல் சாய்த்தாள்.

"இது என்ன பண்ணுச்சு பாவம்" என்றாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. "ஏறுங்க எல்லாரும். அவரு கண்ணு முழிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்."